அளவும் உரையும்

மூலம் ஒன்று, உரைகள் பல. இதனைத் தமிழ் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லி வருகிறோம். "அறிவியலார்க்கு இத்தொல்லை இல்லை, அங்கே அளந்தால் அளந்ததுதான்" என்று ஒரு வாக்கியத்தையும் உடன் சேர்த்துச் சொல்வது எம் வழக்கம். ஒருநாள் பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் இயற்பியல் மாணவர் ஒருவர் எழுந்து, "அணுக்கருவின் அளவுக்கும் உரை வேண்டும், ஐயா" என்றார். வகுப்பு சிரித்தது, யாமும் சிரித்தோம். பின்னர் அவர் கொணர்ந்து தந்த நூலைப் படித்தபோது, எம் சிரிப்புக்கு யாமே நாணினோம்.

அணுவின் நடுவே கரு உண்டென்று ரூதர்ஃபோர்டு 1911இல் நிறுவினார். கருவை அளக்கும் அலகு ஃபெர்மி. அது ஒரு மில்லிமீட்டரின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. நிலைத்த கருக்களில், துகள்களின் எண்ணிக்கை எட்டு மடங்கானால் ஆரம் இரு மடங்காகும் என்பது பொதுவிதி. ஆனால் நிலையாத கருக்கள் இவ்விதிக்கு அடங்கவில்லை.

லித்தியம்-11 அத்தகையது. மூன்று புரோட்டான்களும் எட்டு நியூட்ரான்களும் கொண்ட அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 9 மில்லி நொடியே. இமைப்பொழுதினும் குறைந்த வாழ்வுடைய அதனை எங்ஙனம் அளப்பது? கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வகத்தில் இசாவோ தனிஹாட்டா குழுவினர் ஒரு வழி கண்டனர். அக்கருக்களை விரைந்த கற்றையாக்கிப் பெரிலியம், கார்பன், அலுமினியம் ஆகிய இலக்குகளின்மீது செலுத்தினர். புகுந்தவை எத்தனை, சிதையாமல் வெளிவந்தவை எத்தனை என்று எண்ணினர். மிகுதியாகச் சிதைந்தால் கரு பெரிது என்பது பொருள். 1985இல் வெளியான முடிவு உலகை வியக்க வைத்தது. லித்தியம்-9ஐ விட இரண்டே நியூட்ரான்கள் கூடிய லித்தியம்-11, எதிர்பாராத அளவுக்குப் பெருத்திருந்தது. அவ்விரு நியூட்ரான்களும் உட்கருவினின்று விலகி, நிலவைச் சூழ்ந்த பரிவட்டம் போலப் பரவியுள்ளன என 1987இல் ஹான்சனும் ஜான்சனும் விளக்கம் தந்தனர்.

இங்கேதான் உரை வருகிறது. எண்ணப்பட்டது சிதைவு, ஆரம் அன்று. சிதைவிலிருந்து ஆரத்தைப் பெற ஒரு கணக்கு மாதிரி வேண்டும். முதல் மாதிரி, கருவின் பொருளைச் சராசரியாகப் பரவிய மேகம் போலக் கொண்டது. அதன்படி ஆரம் சற்றொப்ப 3.1 ஃபெர்மி. 1996இல், பாக்தாதில் பிறந்த ஜிம் அல்-கலீலியும் ஜெஃப்ரி டோஸ்டெவினும் அம்மாதிரியைத் திருத்தினர். மோதும் கணத்தில் நியூட்ரான்கள் ஏதேனும் ஓரிடத்தில்தான் இருக்கும். அவை விலகி நிற்கும் வேளைகளில் கரு சிதையாமல் தப்பிவிடும். ஆகவே, கண்ட அளவு சிதைவு நிகழ வேண்டுமெனில் கரு இன்னும் பெரிதாக இருத்தல் வேண்டும். அவ்வாறு கணக்கிட, ஆரம் ஏறத்தாழ 3.5 ஃபெர்மி ஆயிற்று. புதிதாக எதையும் அவர்கள் அளக்கவில்லை. மூலம் அதுவே, உரை மாறிற்று.

2006இல் கனடாவின் டிரையம்ஃப் ஆய்வகத்தில் செய்த லேசர் ஆய்வு வெளியாயிற்று. அது புரோட்டான்களின் பரவலை மட்டும் காட்டியது, ஆரம் 2.5 ஃபெர்மியை ஒட்டியே நின்றது. பருமன் மிகுந்ததற்கு நியூட்ரான்களே காரணம் என்பது இதனால் உறுதியாயிற்று. அங்கும், ஒளியில் கண்ட நுண்ணிய மாற்றத்தை ஆரமாக மாற்ற ஒரு கணக்கு தேவைப்பட்டது.

உரை வேண்டியிருப்பதால் அளவு பொய்யாகிவிடாது. தவறான உரையைத் திருத்துவது சிதைவின் எண்ணிக்கையே அன்றோ? மனம்போனபடி உரைப்பார்க்கு ஆய்வகத்திலும் இடமில்லை. தமிழ் வகுப்பிலும் இடமில்லை.

ஒவ்வொன்றையும் ஓர் அளவோடு இறைவன் படைத்தான் என நம்புகிறோம். அவன் வகுத்த அளவு மாறுவதன்று. அதை யாம் படிக்கும் முறையே திருந்திக்கொண்டு வருகிறது. அந்தப் பழைய வாக்கியத்தை இப்போது வகுப்பில் சொல்வதில்லை. அதனை நிறுத்திவைத்த மாணவர்க்கு எம் நன்றி உரியது.