ஆம்புலன்ஸ் மட்டும் வேண்டாம்

எதிர்வீட்டு அம்மா பனியில் வழுக்கி விழுந்துவிட்டார். 911-ஐ அழைக்கப் போனேன். அந்த வலியிலும், "ஆம்புலன்ஸ் வேண்டாம், உங்கள் காரிலேயே கொண்டுபோய் விடுங்கள்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

இத்தனைக்கும் அவருக்கு இன்சூரன்ஸ் உண்டு. ஆனால் டிடக்டிபிள் என்று ஒரு தொகை இருக்கிறது. அதைக் கைக்காசிலிருந்து கட்டித் தீர்த்த பிறகுதான் பெரும்பாலான செலவுக்குக் காப்பீடு கைகொடுக்கும். அதன் பிறகும் நம் பங்கு தனி.

எதிர்பாராத மருத்துவ பில்களைத் தடுக்க 2022 முதல் அமெரிக்காவில் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. வானில் பறக்கும் ஆம்புலன்ஸுக்கு அது பொருந்தும். சாலையில் ஓடும் ஆம்புலன்ஸை விட்டுவிட்டார்கள். நம்மில் எத்தனை பேர் ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், சொல்லுங்கள்?

கணுக்காலில் இரண்டு முறிவு. பில் இன்னும் வரவில்லை. தபால்பெட்டியைத் திறக்கவே பயமாக இருக்கிறது என்கிறார்.