விழா முடிந்த பின்னர்

தேர்த் திருவிழாவைக் காண ஊரே திரள்கிறது. வடம் பிடிப்போர் ஒருபுறம், முட்டுக்கட்டை இடுவோர் ஒருபுறம், வழிநெடுக நீர்மோர் வழங்குவோர் ஒருபுறம் என எங்கும் ஆரவாரம் நிறைகிறது. தேர் நிலைக்கு வந்து சேர்ந்த மறுநாள் தேரடியில் நிற்பவர் எத்தனை பேர்? ஆண்டில் ஒரு நாள் ஓடும் தேரை எஞ்சிய நாள்களிலெல்லாம் மழையில் நனையாமலும், வெயிலில் வெடிக்காமலும், கறையான் அரிக்காமலும் காத்தல் வேண்டும். அந்தக் காவலுக்கு மேளம் முழங்குவதில்லை. அதனைக் காண எவரும் கூடுவதுமில்லை.

பொதுமக்களின் பொருளைக் கொண்டு எழுப்பப்படும் பெரிய விளையாட்டரங்குகளின் நிலையும் இத்தகையதே. கால்கோள் விழா நடைபெறுகிறது. திறப்பு விழா நடைபெறுகிறது. கல்வெட்டில் பெயர்கள் பொறிக்கப்படுகின்றன. அதன் பின்னர்ப் புல் வளர்கிறது, குழாய் துருப்பிடிக்கிறது, கூரை ஒழுகுகிறது, மின்கட்டணம் மாதந்தோறும் தவறாமல் வந்து சேர்கிறது. தனியொருவர் கட்டிய கொட்டகை நட்டமுற்றால் அவர் அதனை விற்றுவிட்டு வேறு தொழிலை நாடலாம். ஊரார் அனைவரும் உரிமையாளராக உள்ள அரங்கை யாரிடம் விற்பது? வாங்குவோர் கிடைப்பினும் விற்பது முறையாகுமா? இடிப்பதற்கும் பொருள் வேண்டும். காப்பதற்கும் பொருள் வேண்டும். அப்பொருளைத் தரவேண்டியவரும் அதே ஊராரே. இத்தகைய இக்கட்டில் அரை நூற்றாண்டாக உழன்று வந்த நகரம் கனடா நாட்டின் மாண்ட்ரியல்.

கியூபெக் மாநிலத்தில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் நடுவே எழுந்த தீவில் அமைந்தது அந்நகரம். மக்களுள் பெரும்பாலோர் பிரெஞ்சு மொழி பேசுவோர். 1967ஆம் ஆண்டில் அங்கு நடந்த உலகப் பொருட்காட்சி அந்நகரின் புகழை எங்கும் பரப்பிற்று. அப்போதைய நகரத் தலைவர் ழான் டிராப்போ என்பவர் பெரியனவற்றையே எண்ணும் இயல்பினர். அவரது முயற்சியால், 1976ஆம் ஆண்டின் ஒலிம்பிக் விளையாட்டுகளை நடத்தும் உரிமை 1970ஆம் ஆண்டு மே மாதத்தில் மாண்ட்ரியலுக்குக் கிட்டியது. மாஸ்கோவும் லாஸ் ஏஞ்சல்ஸும் போட்டியிட்டுத் தோற்றன. நகரம் மகிழ்ந்தது. மகிழ்ச்சிக்குக் காரணமும் இருந்தது. அதனைப் பிழை என்பது பொருந்தாது.

அரங்கை வகுக்கும் பொறுப்புப் பிரான்சு நாட்டுக் கட்டடக் கலைஞர் ரொஜே தாயிபேர் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் தீட்டிய வடிவம் காண்போர் கண்ணைப் பறிப்பது. கற்காரையால் ஆன முட்டை வடிவப் பேரரங்கம். அதன் ஒரு புறத்திலிருந்து, கழுத்தை நீட்டிக் குனிந்து நோக்கும் பறவையைப் போல, நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் எழும் கோபுரம். அதன் உயரம் 165 மீட்டர். கோபுரத்தின் உச்சியிலிருந்து இறங்கும் கம்பி வடங்கள், அரங்கின் நடுவே விரிந்த துணிக்கூரையைத் தாங்க வேண்டும். வெயில் நாளில் அவ்வடங்கள் கூரையைக் குடைபோல மடக்கி மேலே இழுத்துக்கொள்ளும். பனி நாளில் மீண்டும் விரித்து மூடும். மாண்ட்ரியலிலோ ஆண்டில் பல மாதங்கள் பனி பெய்கிறது. அத்தகைய ஊரில் துணிக்குடை எத்தனை நாள் தாங்கும் என்னும் ஐயம் எழுந்திருக்க வேண்டும். எனினும், அழகிய ஓவியத்தின் முன்னர் ஐயங்கள் வாயடைத்து நிற்பது உலக வழக்கம்.

1970இல் இட்ட மதிப்பீட்டின்படி அரங்கிற்கு ஆகும் செலவு 13 கோடியே 40 இலட்சம் கனடிய டாலர். வேலை தொடங்கிய பின்னர்த் தொழிலாளர் வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன, விலைவாசி உயர்ந்தது, கடுங்குளிர் வேலையைத் தடுத்தது. நகராட்சியால் குறித்த நாளுக்குள் முடிக்க இயலாது என்பது தெளிவாயிற்று. 1975ஆம் ஆண்டின் இறுதியில் மாநில அரசே பொறுப்பை ஏற்று, அதற்கென ஒரு வாரியத்தை நிறுவியது. கட்டுவதற்காகத் தோன்றிய அந்த வாரியமே பின்னர் அரங்கை நடத்தும் சுமையையும் தாங்கலாயிற்று. 1976 ஜூலை 17ஆம் நாள் எலிசபெத் அரசியார் விளையாட்டுகளைத் தொடங்கி வைத்தபோது, சாய்ந்த கோபுரம் பாதியளவே எழும்பி நின்றது. அதிலிருந்து தொங்கவேண்டிய கூரை அன்று இல்லை. இரண்டு வாரம் வீரர் ஓடினர், தாண்டினர், பதக்கம் பெற்றனர். பிறகு தத்தம் நாடு திரும்பினர்.

கடன் மட்டும் திரும்பிச் செல்லவில்லை. அதனைத் தீர்ப்பதற்காகக் கியூபெக் அரசு 1976ஆம் ஆண்டிலேயே புகையிலை மீது தனி வரி விதித்தது. சிகரெட்டு வாங்கிய ஒவ்வொருவரும், தாம் அறிந்தோ அறியாமலோ, அரங்கின் செங்கல் ஒன்றிற்கு விலை கொடுத்து வந்தனர். வட்டமான அவ்வரங்கை ஆங்கிலம் பேசுவோர் 'பிக் ஓ' என்று செல்லமாக அழைத்தனர். ஆங்கில எழுத்தாகிய 'ஓ' வட்ட வடிவினது. அதே ஒலியுடைய வேறொரு சொல் 'கடன்பட்டிருத்தல்' என்னும் பொருளைத் தரும். ஆகவே 'பெரிய வட்டம்' விரைவிலேயே 'பெருங்கடன்' ஆயிற்று. ஏளனம் செய்தவர் வேறு எவரும் அல்லர். அந்தக் கடனைச் சுமந்தவர்களே.

தந்தையின் தோளில் அமர்ந்து தொடக்க விழாவைக் கண்ட ஐந்து வயதுக் குழந்தை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். அக்குழந்தை பள்ளியில் பயின்று, வேலையில் அமர்ந்து, மணம்புரிந்து, முப்பத்தைந்து வயதை எட்டிய 2006ஆம் ஆண்டில்தான் அந்தக் கடன் தீர்ந்தது. வட்டியும் பழுதுபார்ப்பும் சேர, கொடுத்த தொகை 160 கோடி டாலரைக் கடந்தது. இதில் விந்தை ஒன்றும் உண்டு. அதே 2006ஆம் ஆண்டின் மே மாதத்தில், பொதுக் கட்டடங்களினுள் புகைபிடிப்பதைக் கியூபெக் அரசு தடை செய்தது. மக்களின் உடல்நலம் கருதிய அந்நற்செயலால் சிகரெட்டு விற்பனை குறைந்தது. அதனால் அரங்கின் கடன் தீர்வதும் சில மாதம் தள்ளிப்போயிற்று. ஒரு நன்மையின் செலவை ஒரு தீமையின் வருவாயில் ஏற்றி வைத்தால் இத்தகைய முரண்பாடுகள் நேர்வது இயல்பே.

கூரையின் கதையைச் சற்று விரிவாகவே சொல்லுதல் வேண்டும். பேணுதல் என்னும் பணியின் அருமை அதில்தான் நன்கு விளங்குகிறது. கோபுரம் முடிந்து, கெவ்லார் என்னும் வலிய செயற்கை இழையாலாகிய கூரை ஏறியது 1987ஆம் ஆண்டில். அஃதாவது, விழா முடிந்து பதினோர் ஆண்டுகளுக்குப் பின்னர். குடைபோல மடக்கி விரிக்கும் ஏற்பாடு சிறிது காலமே பயன்பட்டது. காற்று வலுத்தால் துணி கிழிந்தது. மழை பெய்தால் ஒழுகிற்று. 1991ஆம் ஆண்டு செப்டம்பரில் 50 டன்னுக்கும் மேற்பட்ட கற்காரை உத்தரம் ஒன்று பெயர்ந்து விழுந்தது. நல்வேளையாக அப்போது அங்கே எவரும் இலர். எனினும் அந்த ஆண்டில் எஞ்சிய ஆட்டங்களை வெளியூர்களில் நடத்த வேண்டியதாயிற்று. 1998இல் மடங்காத புதிய கூரை போடப்பட்டது. அடுத்த ஆண்டு சனவரியில், மோட்டார் வண்டிக் கண்காட்சிக்கு ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்த வேளையில், பனியின் பாரம் தாங்காமல் அதன் ஒரு பகுதி கிழிந்து, பனிக்குவியல் அரங்கினுள் சரிந்தது. அன்று முதல் குளிர்காலம் முழுவதும் அரங்கைக் காப்போரின் கண் வானத்தின் மீதே இருந்தது. கூரையின்மேல் 3 சென்டிமீட்டருக்கு மேல் பனி படிந்தால் உள்ளே நிகழ்ச்சி நடத்தலாகாது என்பது விதி. மூன்று சென்டிமீட்டர் என்பது இரண்டு விரற்கடை அளவே! ஐம்பதாயிரம் பேருக்கு மேல் அமரக்கூடிய பேரரங்கம், இரண்டு விரற்கடைப் பனிக்கு அஞ்சிக் கதவடைத்தது.

இந்நிலையில் அரங்கை வாடகைக்குக் கொள்வோர் யார்? இசை நிகழ்ச்சி நடத்துவோர் பல திங்களுக்கு முன்னரே நாள் குறித்து, நுழைவுச்சீட்டு விற்கத் தொடங்குவர். பனி பெய்தால் நிகழ்ச்சி இல்லை என்று சொல்லும் அரங்கை அவர்கள் எங்ஙனம் நம்புவர்? கோடையில் மட்டும் திறக்கும் கடைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வைத்துச் சம்பளம் கொடுப்பது போன்றதே வாரியத்தின் நிலை. நிலையான குடியாக இருந்தது எக்ஸ்போஸ் என்னும் பேஸ்பால் குழு. 1977 முதல் ஆண்டுதோறும் எண்பது ஆட்டங்கள் வரை அக்குழு அங்கே ஆடிற்று. 2004ஆம் ஆண்டோடு அதுவும் விடைபெற்று வாஷிங்டன் நகருக்குச் சென்றுவிட்டது. ஒரே குடியை நம்பிப் பெரிய வீட்டைக் கட்டியவனின் துயரம் அதன் பின்னரே நன்கு புலனாயிற்று.

மாண்ட்ரியலைக் கண்டு பாடம் பயின்ற நகரமும் உண்டு. 1984ஆம் ஆண்டின் விளையாட்டுகளை ஏற்ற லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாக்காளர், நகரத்தின் பொருளை அதற்கெனச் செலவிடலாகாது என 1978இலேயே தீர்ப்பளித்தனர். அந்நகரம் 1923இல் திறக்கப்பெற்ற பழைய அரங்கையே செப்பனிட்டுப் பயன்படுத்தியது. முடிவில் 20 கோடி டாலருக்கு மேல் மிச்சம் கண்டது. அதில் ஒரு பகுதி இளைஞரின் விளையாட்டுப் பயிற்சிக்குச் சென்றது. புதியதைக் கட்டுவோருக்கு எளிதில் கிட்டும் புகழ், பழையதைத் துடைத்து வைப்போருக்கும் ஒரோவழிக் கிட்டுவது உண்டு.

மாண்ட்ரியல் மட்டும் கைகட்டி வாளா இருந்தது என்று எண்ணுதல் தவறு. அரங்கின் அருகே மிதிவண்டிப் பந்தயத்திற்கெனக் கட்டிய கூடம் ஒன்று இருந்தது. அதனை வாழும் உயிர்க்காட்சிக் கூடமாக மாற்றி 1992இல் திறந்தனர். பந்தயக்காரர் சுழன்ற இடத்தில் வெப்பமண்டலக் காடு தழைத்தது. மற்றொரு மூலையில் பென்குயின்கள் நடைபயின்றன. மிதிவண்டி வீரர்கள் தம் ஓடுதளத்தை இழந்தனர் என்பதும் உண்மையே. அவர்களது மனக்குறையைச் சிறிதென ஒதுக்குவது அறமன்று. ஆயினும் பள்ளிச் சிறுவர்கள் கூட்டங்கூட்டமாக அங்கு வந்தனர். சாய்ந்த கோபுரத்தின் அடியில் அமைந்த நீச்சற்குளங்கள் ஒலிம்பிக் வீரர்களுக்குப் பிறகு ஊராருக்குப் பயன்பட்டன. சிறுவர் நீந்தக் கற்றனர். முதியோர் மூட்டுவலி தீரக் கைகால் அசைத்தனர். நெடுங்காலம் வெறுமையாய்க் கிடந்த கோபுரத் தளங்களிலும் 2018இல் ஒரு நிதி நிறுவனத்தின் அலுவலர்கள் குடிபுகுந்தனர். வானளாவிய அரங்கினும் அதன் அடியில் கிடந்த குளமே மக்களுக்கு மிகுதியாக உதவிற்று எனின், அது மிகைக்கூற்று ஆகாது.

அரங்கிற்கும் அத்தகைய நாள்கள் வாய்த்தன. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அமெரிக்க எல்லையைக் கடந்து புகலிடம் நாடி வந்தோர், அவருள்ளும் சிறப்பாக ஹைதி நாட்டினர், நூற்றுக்கணக்கில் மாண்ட்ரியலில் வந்து குவிந்தனர். தங்கவைக்க இடம் போதவில்லை. அப்போது அரங்கின் உட்கூடங்களில் மடக்குக் கட்டில்கள் வரிசை வரிசையாக இடப்பட்டன. பந்தாட்டம் காண்போர் தின்பண்டம் வாங்க நின்ற இடத்தில், தாய்மார் குழந்தைகளை உறங்கவைத்தனர். 2021ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியிருந்த காலத்தில் அதே அரங்கம் தடுப்பூசி நிலையமாயிற்று. அங்கு முதலில் அழைக்கப்பெற்றவர் முதியோர். 1976இல் அவ்விடத்தில் ஓட்டப்பந்தயம் கண்டு கைதட்டியவரும், முப்பது ஆண்டுகள் புகையிலை வரி செலுத்தியவரும் அவர்களுள் பலர் இருந்திருப்பர். அன்று அவர்களிடம் நுழைவுச்சீட்டு கேட்டவர் எவரும் இலர்.

இத்தகைய நாள்களைக் கணக்கேட்டில் எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது? வரவிலும் அவை சேர்வதில்லை, செலவாகவே தோன்றும். வாரியத்தின் ஆண்டறிக்கையைப் படிப்பவர் நட்டத்தைக் காண்பது எளிது. ஆனால் எப்போதோ ஒரு நாள் வேண்டியிருக்கும் என்று கூறி எந்தச் செலவையும் ஞாயப்படுத்திவிடலாம் என்பதும் உண்மை. இவ்விரண்டிற்கும் இடையில் நின்று எண்ணிப் பார்ப்பதே பொதுச் சொத்தை நடத்துவோரின் கடமை.

2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் அத்தகைய முடிவு ஒன்றைக் கியூபெக் அரசு எடுக்க நேர்ந்தது. பழைய கூரையில் ஆயிரக்கணக்கான கிழிசல்கள் இருந்தன. இனி ஒட்டுப்போட இடமில்லை. அரங்கை இடித்துத் தள்ளுவதற்கே 200 கோடி டாலர் ஆகும் என அரசு கணக்கிட்டது. புதிய கூரைக்கும் அதனைத் தாங்கும் வளையத்திற்கும் ஆகும் செலவு 87 கோடி டாலர். பள்ளிகளும் மருத்துவமனைகளும் பணமின்றித் தவிக்கும்போது இது தகுமா எனச் சிலர் சினந்து கேட்டனர். தம் நகரின் அடையாளமாக விளங்கும் கோபுரத்தை இழக்க மனமில்லை என்றனர் வேறு சிலர். இரு திறத்தாரும் அந்த அரங்கின் உரிமையாளரே. அரசு காப்பதென்றே துணிந்தது. குடைபோல் மடங்கும் கூரை என்னும் பழைய கனவு இம்முறை ஏட்டிலும் இடம்பெறவில்லை. பனியின் பாரத்தைத் தாங்கும் உறுதியான, அசையாத கூரை அமையும். அதன் விளிம்பைச் சுற்றிலும் பகலொளி உள்ளே இறங்கக் கண்ணாடி வளையம் இருக்கும். பணி 2028ஆம் ஆண்டளவில் நிறைவுறும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது.