உறுதி ஆற்றை பேரிலை?

கோப்பாயில் காணி வாங்க வருபவர் முதலில் கேட்பது, "உறுதி ஆற்றை பேரிலை இருக்கு?" என்பதைத்தான். கிணற்று நீர் நன்னீரா, செம்மண் எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் அதற்குப் பின்னர் வரும் கேள்விகள். அதே ஊரில் பனம்பொருள் வணிகம் செய்யும் என் மருமகன், தன் இணையத்தளத்தைப் பற்றி அந்தக் கேள்வியைப் பதினைந்து ஆண்டுகளாகக் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு என்னிடம் வந்தான். "மாமா, தளத்தைப் புதுசாச் செய்யப்போறன். இனி வரப்போற பாணிக்கு ஏத்தமாதிரி இருக்கவேணும். எழுத்தை மட்டும் ஒருக்காப் பாத்துத் தாங்கோ" என்றான். பத்திரிகைத் தொழிலில் முடி நரைத்தவனுக்குப் பிழைதிருத்தக் கிடைத்தால் மறுக்க மனம் வருமா?

பழைய தளம் 2010இல் அமைக்கப்பட்டது. அவனுடைய கணனியில் தமிழ் அழகாகத் தெரிந்தது. என் கைத்தொலைபேசியில் திறந்தபோது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் சிதறிக் கிடந்தன. காரணம் எளிது. எழுதியது பாமினி எழுத்துருவில். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. அவற்றின் மீது எழுத்துரு தமிழ் வடிவத்தைப் பூசிக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கருவியில் அந்தப் பூச்சும் இல்லை. கூகுள் தேடலுக்கும் அங்கே ஒரு தமிழ்ச் சொல்கூடத் தெரியாது. ரொறன்ரோவில் ஒருவர் 'ஒடியல் மா' என்று தமிழில் தேடினால், கோப்பாயில் இப்படி ஒரு கடை இருப்பதாகவே தேடுபொறி அறியாது. எத்தனை வாடிக்கையாளர் இப்படி வாசலோடு திரும்பினரோ!

இதற்கு மருந்து முன்பே உண்டு. ஒருங்குறியில் தமிழுக்கு 1991ஆம் ஆண்டிலேயே இடம் கிடைத்துவிட்டது. பாமினியை ஒருங்குறியாக்க, நம்மவரான சுரதாவின் 'பொங்குதமிழ்' போன்ற எழுதிமாற்றிகள் 2000களிலேயே வந்துவிட்டன. ஒரே பிற்பகலில் தளம் முழுவதையும் மாற்றி முடித்தோம்.

அடுத்து, சொற்கள். நாம் பனங்கட்டி என்பதைத் தமிழ்நாட்டார் கருப்பட்டி என்பர். புழுக்கொடியல் என்றால் அவர்களிற் பலருக்கு விளங்காது. ஆகவே பனங்கட்டிக்குப் பக்கத்தில் கருப்பட்டி என்றும் எழுதினோம். பனங்கிழங்கை அவித்து உலர்த்தியது புழுக்கொடியல், அவிக்காமல் உலர்த்தியது ஒடியல் என்று ஒரு வரி சேர்த்தோம். புலம்பெயர் நாடுகளில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் தனிப் பக்கம். விலைப்பட்டியலைப் படமாக ஒட்டியிருந்ததை நீக்கி எழுத்தாகவே தந்தோம். படத்திலுள்ள விலையை, பார்வையற்றவருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளால் எளிதில் வாசிக்க இயலாது.

வடிவமைத்த தம்பி கெட்டிக்காரன். கரும்பின்னணி, நகரும் படங்கள், திறந்தவுடன் ஓடும் காணொளி, வாடிக்கையாளரோடு உரையாடும் செயற்கை நுண்ணறிவுப் பெட்டி எல்லாம் காட்டினான். அப்போது எனக்கு 1990களின் பொருளாதாரத் தடைக் காலம் நினைவுக்கு வந்தது. மின்சாரம் இல்லை, அச்சுத்தாள் இல்லை. யாழ்ப்பாணத்து நாளிதழ்கள் கோடிட்ட கொப்பித்தாளில் அச்சாகின. ஒரு வரி மிகுந்தாலும் வெட்டுவோம். வெட்டியபின் செய்தி தெளிவாகவே நின்றது.

இணையப் பக்கமும் அப்படித்தான். 2015 ஏப்ரலில் கூகுள், கைத்தொலைபேசிக்கு ஏற்ற பக்கங்களைத் தேடலில் முன்னே வைக்கத் தொடங்கியது. பக்கம் திறக்கும் வேகத்தையும் 2010 முதலே கணக்கில் எடுக்கிறது. முதன்மையான உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தோன்றினால் நன்று என்பது அதன் அளவுகோல். ஒரு காலத்தில் தளந்தோறும் ஆடிய ஃபிளாஷ் அசைபடங்களுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31உடன் முடிந்தது. அன்றைய நாகரிகம் அது. 2024 மே மாதம் முதல் தேடல் முடிவுகளின் தலைமாட்டில் செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்கமும் வந்துவிட்டது. அந்தச் சுருக்கத்துக்கும் மூலம், யாரோ ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதி வைத்த தகவலே. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்று செய்தியாளனுக்கு முதல் நாளில் கற்பிக்கும் ஆறு கேள்விகளுக்கும் பக்கத்தில் விடை இருக்கட்டும் என்றேன். காணொளி போயிற்று. விலை, எடை, அனுப்பும் நாடுகள், வாட்ஸ்அப் எண் ஆகியவை முகப்புக்கு வந்தன.

எல்லாம் முடித்து ஏற்றப்போன அன்றுதான் இடி விழுந்தது. தளத்தின் முகவரி, 2010இல் அதை அமைத்துக் கொடுத்த இளைஞரின் பெயரிலும் மின்னஞ்சலிலும் பதிவாகியிருந்தது. அவர் வெளிநாடு போய்ப் பல காலம். அனுப்பிய மடல்களுக்குப் பதிலில்லை. நாங்கள் நிறத்தையும் எழுத்தையும் பற்றி வாதாடிக்கொண்டிருந்த வாரங்களில் புதுப்பிக்கும் தவணை கடந்து, முகவரி யாரோ முகம் தெரியாதவர் கைக்குப் போய்விட்டது. அந்த முகவரி அச்சிட்ட சிட்டைகள் கடையில் கட்டுக்கட்டாக இருந்தன. பதினைந்து ஆண்டுகளாக அனுப்பிய பொதிகளிலெல்லாம் அதுவே ஒட்டப்பட்டிருந்தது.

மருமகன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "முகநூல் பக்கம் இருக்குத்தானே மாமா" என்றான். "அது வாடகை வீடு தம்பி. சொந்தக்காரன் எப்ப எழுப்புவானெண்டு ஆருக்குத் தெரியும்?" என்றேன்.

புதிய முகவரியை அவன் பெயரிலேயே பதிந்தோம். கடவுச்சொல்லையும் புதுப்பிக்கும் திகதியையும் ஒரு தாளில் எழுதச் சொன்னேன். அவனுடைய தாயார் அதை வாங்கி, றங்குப்பெட்டியைத் திறந்து, காணி உறுதியோடு சேர்த்து வைத்தார்.