கல்லில் ஏறிய பெயர்களும் ஏறாத பெயர்களும்

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் விமானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள், நந்தியைச் சுற்றி வருகிறார்கள், படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். திருச்சுற்று மதிலின் வெளிப்புறம் வரி வரியாக ஓடும் எழுத்துகளின் பக்கம் ஆள் நடமாட்டம் குறைவு. இந்தத் தை மாதம் நான் தஞ்சைக்குப் போனது அந்த மதிலுக்காகத்தான். இராசராசனின் வெற்றிகளை அதில் பலர் படித்துச் சொல்லிவிட்டார்கள். அவன் காலத்தில் வாழ்ந்த சாதாரண மனிதர்களின் பெயர்களைப் படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

முதலாம் இராசராசனின் இருபத்தொன்பதாம் ஆட்சியாண்டு வரையிலான ஏற்பாடுகளைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று அங்கே இருக்கிறது. காலம் ஏறத்தாழ 1014. கோயில் பணிக்காகச் சோழநாடெங்கும் இருந்து கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளை அது ஒருவர் விடாமல் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்கள் குடியிருந்த தெருவைத் தென்சிறகு, வடசிறகு என்று பிரித்து, தலைவீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று வரிசைப்படுத்தி, அந்தந்த வீட்டில் குடியிருந்தவர் யார், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று எழுதியிருக்கிறார்கள். நக்கன் சேரமங்கை, நக்கன் பட்டாலி, நக்கன் எடுத்தபாதம், நக்கன் சோழகுலசுந்தரி என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு நூறு கலம் நெல்.

ஹுல்ட்ஸ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக மெதுவாக நடந்தேன். ஆடல் ஆசான்கள், பாடுவோர், கணக்கர், குடை பிடிப்போர், விளக்கு ஏற்றுவோர், தண்ணீர் தெளிப்போர், குயவர், வண்ணார், நாவிதர், தையல்காரர், கன்னார், தச்சர் என்று ஒரு முழு ஊரே அந்தப் பட்டியலில் இருக்கிறது. கோயிலை எழுப்பிய பெருந்தச்சன் வீரசோழன் குஞ்சரமல்லனின் பெயர் இருக்கும் அதே கணக்கில் முடி திருத்தியவரின் பெயரும் இருக்கிறது. பங்கு பெற்றவர் இறந்துபோனாலோ வேற்றூர் போய்விட்டாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அந்த வேலையைச் செய்து நெல்லைப் பெற வேண்டும் என்றும் விதித்திருக்கிறார்கள். ஒரு தலைமுறையின் பிழைப்பு அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டும் என்ற அக்கறை அதில் தெரிகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய உழைப்பாளிகளை இப்படி வீட்டு வரிசையோடு தெரிந்துகொள்ளும் வாய்ப்பு வேறெங்கே கிடைக்கும்?

ஆனால் அந்த நெல்லை விளைவித்தவர்கள் எங்கே? இதே கோயிலின் வேறு கல்வெட்டுகள், கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களை நிலக்கணக்கோடு சொல்கின்றன. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று வரி விதிக்கப்படாத நிலங்களை அவை கழித்துக்கொண்டே போகும். அந்தக் கழிவுகளுக்கு நடுவில் கம்மாணச்சேரி வருகிறது, பறைச்சேரி வருகிறது. சேரிக்குப் பரப்பளவு உண்டு. அங்கே குடியிருந்த ஒருவருக்கும் பெயர் இல்லை. பங்கு வாங்கியவர்கள் பெயரோடு கல்லில் ஏறினார்கள். நட்டவர்களும் அறுத்தவர்களும் நில அளவாக மட்டும் நின்றுபோனார்கள். மதிலை விட்டு வெளியே வந்த பிறகும் இதுவே மனசில் கிடந்தது. அவர்களின் பேரன் பேத்திகளின் கதை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடித்தான் கிழக்கே ரயில் ஏறினேன்.

தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம், கொரடாச்சேரி வழியாகத் திருவாரூர் போகும் தடம் இது. தளிச்சேரிப் பெண்டுகளில் பலர் திருவாரூர்க் கோயில்களிலிருந்தும், சிலர் நாகப்பட்டினத்துத் திருக்காரோணத்திலிருந்தும் தஞ்சைக்கு வந்தவர்கள் என்று கல்வெட்டு சொல்கிறது. அவர்கள் மேற்கே வந்த வழியில் நான் கிழக்கே போய்க்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. வயலில் அறுவடை மிஷின், வரப்பில் டிராக்டர், சாலையோரம் நேரடிக் கொள்முதல் நிலையத்தின் முன்னால் தார்ப்பாய் போட்டு மூடிய நெல் குவியல்கள். வயலுக்குள் ஆட்கள் மிகக் குறைவு. மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று மூடுவது வழக்கம். மூடுகிற நேரமாதலால் ஆறுகளில் தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது.

திருவாரூருக்குத் தெற்கே ஒரு சிற்றூரின் களத்துமேட்டில் ஒரு மூதாட்டியைச் சந்தித்தேன். கொட்டிக்கிடந்த நெல்லைத் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தார். எத்தனை வயசு இருக்கும் என்று கேட்டேன்.

"வயசெல்லாம் தெரியாது தம்பி. பெரிய புயல் அடிச்சுதே, அப்ப நான் கைப்புள்ளன்னு எங்க அம்மா சொல்லும்" என்றார்.

நாகப்பட்டினத்தை 1952 நவம்பர் 30 அன்று தாக்கிய புயல் அது. இந்தக் கரையோர மக்கள் பலருக்குப் பிறந்த சான்றிதழ் புயல்தான். அந்தப் புயலில் பிறந்தவர், 1977 புயலில் மகனைப் பெற்றவர், கஜா புயலில் கூரையை இழந்தவர் என்று ஒரு குடும்பத்தின் மொத்த வரலாற்றையும் காற்றை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

வயசு சொல்லத் தெரியாத அவருக்கு நெல் கணக்கு அத்துப்படி. நடவுக்கு என்ன கூலி, களை பறிக்க என்ன கூலி, அறுப்பில் கலத்துக்கு எத்தனை படி, எந்த ஆண்டில் எந்தப் பண்ணையில் மரக்காலைத் தலை தட்டி அளந்தார்கள், எங்கே கோபுரம் கட்டி அளந்தார்கள் என்று வரிசையாகச் சொன்னார். அவருடைய அப்பா ஒரு மிராசுதாரிடம் பண்ணையாள். விடியுமுன் ஏர் கட்டியாக வேண்டும். தாமதமானால் சாட்டையடி, எதிர்த்துப் பேசினால் சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பால்.

"எங்க அப்பா அதைக் குடிச்சதில்ல. எங்க தாத்தா குடிச்சிருக்கு" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு தலைமுறை கடந்த தூரம் இருக்கிறது.

அந்தத் தூரம் தானாக வந்ததன்று. கர்நாடகத்துத் தென் கன்னடத்திலிருந்து வந்த பி. சீனிவாச ராவ், 1943 முதல் இந்த வட்டாரத்துச் சேரிகளில் தங்கி, செங்கொடியின் கீழ் விவசாயத் தொழிலாளர்களைச் சங்கமாகச் சேர்த்தார். அடித்தால் திருப்பி அடி என்று சொல்ல அங்கே முதன்முதலாக ஓர் ஆள் இருந்தார். மணலூர் மணியம்மை பிராமணக் குடும்பத்தில் பிறந்து இளம் வயதில் கணவரை இழந்தவர். தலைமுடியைக் கிராப்பாக வெட்டிக்கொண்டு, வேட்டி கட்டிக்கொண்டு சேரிகளுக்குள் சங்கம் வளர்த்தார். 1953இல் மான் முட்டி இறந்துபோன அவருடைய வாழ்க்கையை, அவரை அறிந்தவர்களை ஊர் ஊராகத் தேடிக் கேட்டுப் 'பாதையில் பதிந்த அடிகள்' நாவலாக எழுதியவர் ராஜம் கிருஷ்ணன். வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதாமல், சேற்றில் இறங்கி நின்றவர்களின் வாய்மொழியைக் கேட்டு எழுதியதுதான் அவருடைய பலம்.

1952இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், ஒரு வேலிக்கு மேல் நிலம் வைத்திருந்தவர்களின் பண்ணையாள்களைக் காரணமின்றி வெளியேற்றக் கூடாது என்றது. சாகுபடியாளருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்றது. ஆனால் குடிசை நின்ற மண் மிராசுதாருடையது. கூலி கேட்டால் அடுப்பே பறிபோகும் என்ற நிலை நீடித்தது. 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம் அந்த மனைக்கட்டைக் குடியிருந்தவர்களுக்கே சொந்தமாக்கியது.

"அந்தப் பட்டா வந்த அன்னிக்குத்தான் எங்க அப்பா வாசல்ல ஒரு முருங்கை வச்சுது. அதுக்கு முந்தி மரம் வச்சதே இல்ல. நாளைக்குப் போகச் சொன்னா மரத்தைத் தூக்கிட்டா போறது?" என்றார் அந்த அம்மா.

அவருடைய தாத்தாவின் தம்பி ஒருவர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். 'ரஜூலா' போன்ற கப்பல்கள் நாகையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல்லாயிரம் பேரைக் கொண்டுபோன காலம் அது. அவரிடமிருந்து ஒரு மணியார்டர் வந்ததாம், அப்புறம் தகவல் இல்லை. அவர் பெயர் என்ன என்று கேட்டேன். "சின்ன தாத்தான்னுதான் சொல்லுவாங்க" என்றார். இரண்டே தலைமுறையில் ஒரு மனிதரின் பெயர் அவர் வீட்டிலேயே இல்லாமல் போய்விட்டது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். பேத்தி நர்சிங் படிக்கிறாள். நடவுக்கு இப்போது மேற்கு வங்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அறுப்பை மிஷின் எடுத்துக்கொண்டது. அந்தப் பேத்திக்குக் கலம் என்றால் என்ன என்று தெரியாது.

இந்த வாழ்க்கைகளை ஆய்வாளர்கள் எழுதாமல் இல்லை. காத்லீன் கஃப் 1951 முதல் 1953 வரை தஞ்சை மாவட்டத்தின் இரண்டு ஊர்களில் தங்கி, கூலி, கடன், திருமணம், சண்டை என்று வீடு வீடாகக் குறித்துக்கொண்டார். 1976இல் திரும்ப வந்து, அதே குடும்பங்கள் என்ன ஆயின என்று பார்த்தார். ஆந்திரே பெத்தேய் எழுதிய 'சாதி, வர்க்கம், அதிகாரம்' 1965இல் வந்தது. அதுவும் ஒரு தஞ்சைக் கிராமத்தின் கதைதான். ஆனால் கஃபின் கும்பபேட்டையும் பெத்தேயின் ஸ்ரீபுரமும் மாற்றுப் பெயர்கள். தகவல் சொன்னவர்களுக்குத் துன்பம் வரக்கூடாது என்று ஊரையும் ஆளையும் மறைத்தார்கள். நியாயமான காரணம்தான். ஆனாலும் அந்தப் பக்கங்களில் இருப்பது தங்கள் பாட்டியின் கதை என்று அறியாத பேரப்பிள்ளைகள் இன்றும் அந்த ஊர்களில் இருக்கக்கூடும்.

கீழ்வேளூரிலிருந்து தேவூர் வழியாகக் கீழவெண்மணிக்குப் போனேன். சாலையின் இருபுறமும் வயல், இடையிடையே கருவேலம், ஒரு குளம், காங்கிரீட் வீடுகள். டெல்டாவின் வேறு எந்த ஊரைப் போலவும்தான் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவில், இந்த ஊரின் விவசாயத் தொழிலாளர்கள் தாக்குதலுக்குத் தப்பி ராமையா என்பவரின் குடிசைக்குள் ஒண்டினார்கள். குடிசை வெளியிலிருந்து அடைக்கப்பட்டுத் தீ வைக்கப்பட்டது. 44 பேர் எரிந்து இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அனைவரும் தலித்துகள். அவர்கள் கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி. செங்கொடிச் சங்கத்தை விட்டு விலகி, மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்தோடு சேர மறுத்தது அவர்கள் செய்த இன்னொரு குற்றம். கீழ் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட மிராசுதார்கள் உயர் நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார்கள்.

அங்கே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அதில் 44 பெயர்கள். வரிசையாக, சத்தமாகப் படித்தேன். ஒரே குடும்பத்தின் பெயர்கள் அடுத்தடுத்து வரும்போது குரல் நின்றுவிடுகிறது. பெரிய கோயில் கல்வெட்டில் வெறும் சேரியாக இருந்த மக்கள், ஆயிரம் ஆண்டு கழித்து ஒரு கல்லில் பெயரோடு ஏறியிருக்கிறார்கள். அதற்கு அவர்கள் உயிரோடு எரிய வேண்டியிருந்தது. இதைவிடக் கொடிய கணக்கு இந்த மண்ணில் வேறு இல்லை.

சாகாமல் தப்பியவர்களின் கதையும் ஓரளவு பதிவாகியிருக்கிறது. பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படம் அன்றைய இரவைப் பார்த்தவர்களைப் பேசவைத்தது. டெல்டாவிலேயே வாழ்ந்து எழுதிய சோலை சுந்தரபெருமாள் 'செந்நெல்' நாவலில் அந்த மக்களின் அன்றாடத்தை எழுதினார். வெண்மணிக்குப் பிறகு இந்த வட்டாரத்திலேயே தங்கிவிட்ட கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதி 1981இல் லாப்டி அமைப்பைத் தொடங்கி, நிலவுடைமையாளர்களிடம் பேசி நிலத்தை விலைக்கு வாங்கி, நிலமில்லாக் குடும்பத்துப் பெண்களின் பெயரில் பதிவு செய்து கொடுத்தார்கள். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் அந்தப் பட்டாதான். நூறு கலம் பங்கு பெற்ற நானூறு பெண்களுக்குப் பிறகு, இந்த ஊர்களின் பெண்கள் உயிரோடு இருக்கும்போதே தங்கள் பெயரை நெல் விளையும் நிலத்தின் கணக்கில் பார்க்கிறார்கள்.

சாதாரண மனிதர்களின் வரலாறு கிடைக்காத ஒன்றன்று. யார் எழுதுகிறார்கள், யாருக்காக எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்து அது கிடைக்கிறது, அல்லது தொலைகிறது. அரசன் கோயிலுக்காக எழுதினான். அறிஞர்கள் ஆய்வுக்காக எழுதினார்கள். இயக்கங்கள் இறந்தவர்களுக்காக எழுதின. வீட்டுக்காக வீட்டில் உள்ளவர்கள்தான் எழுத வேண்டும்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் புயலை வைத்து வயசு சொல்கிற ஒருவர் இருக்கலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துச் செல்லுங்கள். அவர் பெயர், அவர் அப்பா அம்மா பெயர், பிறந்த சேரி அல்லது தெரு, யாருடைய வயலில் என்ன வேலை, என்ன கூலி, எத்தனை படி, யார் கப்பல் ஏறினார்கள், யார் பள்ளிக்கூடம் போன முதல் ஆள், மனைப் பட்டா யார் பெயரில் எந்த ஆண்டில் வந்தது என்று கேட்டு எழுதுங்கள். கூச்சப்பட்டு மறைக்கிற கதைகளையும் பொறுமையாகக் கேளுங்கள். உண்மைப் பெயர்களோடு எழுதி, தேதி போட்டு, பிள்ளைகளிடம் கொடுங்கள். அந்த வேலையை நமக்காக வேறு யாரும் செய்யப்போவதில்லை.