எட்டு நாற்காலிக் கடையில் எடோ நகரம்

டோக்கியோ மாநகரின் கிழக்கே, சுமிதா ஆற்றை ஒட்டியும் அதற்குச் சற்று உள்ளேயும் அமைந்த அசாகுசா, ரியோகொக்கு, நிஹோன்பாஷி ஆகிய பழைய பேட்டைகளில் இன்றும் காணப்படும் சிறு சுஷிக் கடைகள், அந்நகரம் எடோ என்ற பெயரில் ஷோகன்களின் ஆட்சித் தலைமையிடமாக விளங்கிய காலத்தின் சமையல் மரபைப் பெருமளவு கைவிடாமல் வைத்திருப்பவை. இம்மரபுக்கு எடோமாயே என்று பெயர். எடோ நகரின் முன்னே விரிந்துகிடந்த கடலில், அதாவது இன்றைய டோக்கியோ விரிகுடாவில், பிடிபட்ட மீனைக் கொண்டு செய்தது என்பதே அச்சொல்லின் முதற்பொருள். விரிகுடாவின் கரையோரம் தூர்க்கப்பட்டு ஆலைகளும் துறைமுகங்களும் பெருகியபின், 1962இல் டோக்கியோ மீனவர் சங்கங்கள் தங்கள் மீன்பிடி உரிமையை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அதனால் இன்று எடோமாயே என்பது மீன் வந்த கடலைக் குறிப்பதைவிட, எந்தக் கடலிலிருந்து வந்த மீனாயினும் அதற்குச் செய்யப்படும் பக்குவத்தையே மிகுதியாகக் குறிக்கிறது.

சுஷி என்றால் பச்சை மீன் என்று உலகெங்கும் பதிந்துபோன எண்ணத்தோடு இக்கடைகளுக்குள் நுழையும் பயணி, அங்கே தம் முன் வைக்கப்படுபவற்றுள் பலவும் உப்பில் இட்டோ, வினிகரில் ஊறியோ, கொதிநீரில் வெந்தோ, சோயா சாஸில் தோய்ந்தோ வருவதைக் கண்டு வியப்படைவார். வியப்புக்கு இடமில்லை; ஏனெனில் சுஷியின் பிறப்பே மீனைக் கெடாமல் காக்கும் முயற்சியில்தான் நிகழ்ந்தது. உப்பிட்ட மீனைச் சோற்றோடு மாற்றி மாற்றி அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, மாதக்கணக்கில் புளிக்கவைக்கும் நாரேசுஷி என்பது இதன் மிகப் பழைய வடிவம். தென்கிழக்காசியாவின் நெல் விளையும் பகுதிகளில் இம்முறை தோன்றியிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. புளிக்கும் சோற்றில் உண்டாகும் அமிலம் மீனைக் காக்க, குழைந்து கூழாகிவிட்ட அச்சோறு பெரும்பாலும் வழித்து எறியப்படும். ஷிகா மாநிலத்தின் பிவா ஏரிக்கரையில், கெண்டை இனத்தைச் சேர்ந்த நன்னீர் மீனைக் கொண்டு செய்யப்படும் ஃபுனாசுஷி இவ்வடிவத்தின் உயிருள்ள சான்று. அதன் வாடை பழகாதவரை எட்டவே நிறுத்திவிடும். நூற்றாண்டுகள் செல்லச் செல்லப் புளிக்கவைக்கும் காலம் குறைந்தது, சோறும் மீனோடு சேர்த்தே உண்ணப்படலாயிற்று, இறுதியில் புளிப்புக்காகக் காத்திருப்பதையே விட்டுச் சோற்றில் வினிகரைக் கலந்துவிடும் குறுக்குவழி பிறந்தது.

அந்தக் குறுக்குவழியின் உச்சம், கையால் பிடித்த சோற்றின்மேல் மீனை வைத்து அழுத்தித் தரும் நிகிரி. 1820களில் ரியோகொக்குப் பகுதியில் கடை நடத்திய ஹனாயா யோஹெய் என்பவரே இதற்கு உருக்கொடுத்தவர் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவர் ஒருவரே கண்டுபிடித்தார் என்று கொள்வதைவிட, அவர் பெயரால் ஒரு காலத்தின் பழக்கம் அறியப்படுகிறது என்று கொள்வதே பொருத்தம். அக்காலத்தின் மற்றொரு கூறு வினிகர். இன்றைய ஐச்சி மாநிலத்தின் ஹன்டா ஊரில் 1804இல் தொழில் தொடங்கிய நகானோ மதாசாயெமோன், சாக்கே என்னும் அரிசி மது வடித்தபின் எஞ்சும் கசடைக் கொண்டு செந்நிற வினிகர் செய்து கப்பலேற்றி எடோவுக்கு அனுப்பினார். இயல்பான இனிப்பும் மணமும் கொண்ட அந்தச் சிவப்பு வினிகர், விலையிலும் சுவையிலும் தெருக்கடைகளுக்கு இசைந்துபோயிற்று. ஆம், தெருக்கடைதான்: நிகிரி வளர்ந்த இடம் விருந்து மாளிகையன்று, நம்மூர்க் கையேந்தி பவனைப் போல வேலைக்குப் போகிறவர் நின்றபடியே இரண்டு வாய் உண்டு, விரலைத் துடைத்துக்கொண்டு நடையைக் கட்டும் தள்ளுவண்டிக் கடை. ஷிகா நவோயா 1920இல் வெளியிட்ட புகழ்பெற்ற சிறுகதை ஒன்றில், கையில் 4 சென் மட்டுமே வைத்திருக்கும் கடைப்பையன் ஒருவன் இத்தகைய கடையில் ஒரு துண்டை எடுத்தபின், விலை 6 சென் என்று கேட்டுத் திரும்ப வைத்துவிட்டுப் போவான். சுஷியின் சமூக வரலாற்றை அறிய விரும்புவோர்க்கு அக்காட்சி ஒரு நூலுக்குச் சமம்.

அத்தள்ளுவண்டியில் சுஷி பிடிப்பவர் மண்டியிட்டு அமர்ந்திருக்க, உண்பவர் நின்றிருப்பார். பின்னர் வண்டி கட்டடத்துக்குள் புகுந்து மேடையாக மாறியபோது நிலைமை தலைகீழாகி, உண்பவர் அமர, பிடிப்பவர் நிற்கலானார். 1923ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கத்தில் நகரம் எரிந்தழிந்தபோது பிழைப்பை இழந்த தொழிலாளர் பலர் ஊர் திரும்பியதால், எடோவின் நிகிரி நாடு முழுவதும் பரவியது. உலகப் போருக்குப் பின், உணவுத் தட்டுப்பாட்டால் 1947இல் உணவகங்கள் மூடப்பட்டபோது, வாடிக்கையாளர் தம் வீட்டிலிருந்து ஒரு கோ அளவு, அதாவது ஏறத்தாழ 150 கிராம், அரிசியைக் கொண்டுவந்து கொடுத்துக் கூலி செலுத்தினால் 10 துண்டு சுஷியாகத் திருப்பித் தரலாம் என்ற ஏற்பாட்டை டோக்கியோ சுஷிக்காரர்கள் அரசிடம் பெற்றனர். முன்பு இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருந்த நிகிரி இன்றைய அளவுக்குச் சுருங்கி நிலைபெற்றதில் இவ்வேற்பாட்டுக்கும் பங்கு உண்டு.

இந்நூற்றாண்டில் அத்தகைய கடை ஒன்றுக்குள் நுழைபவர் முதலில் காண்பது, வாசலில் தொங்கும் நோரென் என்ற துணித்திரை. அது தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று பொருள். உள்ளே ஹினோக்கி மரத்தாலான ஒரே பலகை மேடை, அதன் முன் எட்டோ பத்தோ இருக்கைகள், சுவரில் அன்றைய மீன்களின் பெயரெழுதிய சிறு மரச்சட்டங்கள். அவற்றில் விலை பெரும்பாலும் இராது. ஈரத்துணி ஒன்றும் பச்சைத் தேநீரும் வந்து சேர்கின்றன. உண்பவர் தாமே ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவது ஒகோனோமி, கடைக்காரர் பொறுப்பில் விட்டுவிடுவது ஒமாகாசே. மொழி தெரியாத பயணிக்குப் பின்னதே எளிது. ஆயினும் நெடுநாள் வாடிக்கையாளர் முன்னதை விரும்புவதையும், அதற்கு இடந்தரும் கடைகள் குறைந்துவருவதையும் குறிப்பிட வேண்டும்.

மேடையின் பின்னே நடப்பது சில நொடிகளில் முடிந்துவிடும் வேலை. வலக்கை, மூடியிட்ட மரப்பாத்திரத்திலிருந்து 15 முதல் 20 கிராம் வரையிலான சோற்றை அள்ளி உருட்ட, இடக்கை மீன் துண்டைத் தூக்க, ஆட்காட்டி விரல் துளி வசாபியைத் தடவுகிறது. சோற்றை மீன்மேல் வைத்துப் பெருவிரலால் நடுவே சிறு குழி அமுக்கிப் புரட்டி, இரண்டு விரலால் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் அழுத்தினால் முடிந்தது. எடுக்கும்போது உதிராமலும் வாயில் பட்டவுடன் உதிர்ந்தும் விடவேண்டிய அந்தச் சோறே கடையின் தரத்தைக் காட்டும். அறுவடையான புதிய அரிசியில் ஈரம் மிகுதியாக இருப்பதால் பழைய அரிசியையோ இரண்டின் கலவையையோ நாடும் கடைக்காரர் பலர். சூடான சோற்றை அகன்ற மரத்தொட்டியில் கொட்டி, வினிகரும் உப்பும், கடைக்கேற்பச் சர்க்கரையும் சேர்ந்த கலவையைத் தெளித்து, மசிந்துவிடாதபடி மரக்கரண்டியால் வெட்டிவிடுவதுபோல் கிளறி, விசிறியால் ஆற்றி, மனித உடலின் வெதுவெதுப்பில் நிறுத்துகிறார்கள். சிவப்பு வினிகர் கலந்த சோறு இளம்பழுப்பாக இருக்கும். வெள்ளைச் சோற்றையே எதிர்பார்த்து வருபவர் அதைக் குறையாக நினைத்துவிடக் கூடாது.

ஒரு கடையை அளக்க விரும்புவோர் கேட்க வேண்டிய மீன் கொஹாதா. மத்தி மீனுக்குத் தூரத்து உறவான, விரல் நீளத்தைவிடச் சற்றே பெரிய இச்சிறு மீன், வெள்ளித் தோலில் கரும்புள்ளி வரிசை கொண்டது; முள் நிறைந்தது, பச்சையாக உண்ணச் சுவையற்றது, விலையும் மலிவு. செதில் சுரண்டி, தலை கொய்து, வயிற்றைக் கீறிக் குடலை அகற்றி, முதுகெலும்பை எடுத்துப் புத்தகம்போல் விரித்து, மூங்கில் தட்டில் பரப்பி உப்புத் தூவுகிறார்கள். எவ்வளவு நேரம் என்பதில்தான் தொழில் அடங்கியிருக்கிறது: மீனின் பருமன், அதன் கொழுப்பு, அன்றைய வெப்பம் ஆகிய மூன்றும் நாளுக்கு நாள் மாறுவதால், நேற்றைய கணக்கு இன்றைக்கு உதவாது. உப்பைக் கழுவி, பழைய வினிகரில் ஒருமுறை அலசி, புதிய வினிகரில் ஊறவிட்டு எடுத்து வடித்தபின்னும் உடனே பரிமாறுவதில்லை. மேற்பரப்பில் நிற்கும் உப்பும் புளிப்பும் சதையின் நடுவரை இறங்கி அடங்க, ஒரு நாளோ அதற்கு மேலோ ஓய்வு தரப்படுகிறது. சரியாக அமைந்த கொஹாதாவில் உப்பு, புளிப்பு, கொழுப்பு ஆகிய மூன்றையும் பிரித்தறிய முடியாது. தவறியது வெறும் ஊறுகாய். வளர வளரப் பெயர் மாறும் இம்மீனின் இளங்குஞ்சு ஷின்கோ, கோடையில் முதன்முதலாகச் சந்தைக்கு வரும்போது மட்டும் மலிவு என்பது பொய்த்துப்போய் விலை எகிறும். அவ்வளவு சிறியதாகையால் ஒரு நிகிரிக்கு இரண்டு மூன்று தேவைப்படும்.

புகழெல்லாம் சூரை இனத்துக்கே போயிற்று. 2018 அக்டோபரில் த்சுகிஜியிலிருந்து தோயோசுவுக்குப் பெயர்ந்த மீன்சந்தையின் முதல் புத்தாண்டு ஏலத்தில், 2019 சனவரியில், 278 கிலோ எடையுள்ள ஒற்றை நீலத்துடுப்புச் சூரை 33 கோடியே 36 லட்சம் யென்னுக்கு விலைபோயிற்று. எடோ மக்களோ அதைத் தாழ்ந்த மீனாகவே எண்ணினர். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அது மிகுதியாகப் பிடிபட்டபோது, சிவந்த சதையைச் சோயா சாஸில் ஊறவைத்து விற்கும் ஸுகே என்ற முறை எழுந்தது, பனிக்கட்டி இல்லாத காலத்தில் அதுவே காப்பும் ஆயிற்று. சோயா ஒட்டாமல் வழுக்கிவிடும், விரைவில் கெட்டும்போகும் கொழுத்த வயிற்றுச் சதையான டோரோவைக் கழித்துவிடுவதே வழக்கம். குளிர்பதனம் வந்தபின் அந்தக் கழிவே மகுடம் சூடிக்கொண்டது. நாவில் கரையும் அதன் இன்பத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் அதில் கடைக்காரரின் கையைவிட அவருடைய பணப்பையே அதிகம் பேசுகிறது.

மற்றவற்றைச் சுருங்கச் சொல்லலாம். கடல்விலாங்கான அனாகோ மெதுவாக வெந்து, வெந்த நீரையே சுண்டக் காய்ச்சிய இனிப்புக் குழம்பு பூசி வரும். வெள்ளை மீன்கள் கொம்பு என்ற கடற்பாசித் தகடுகளுக்கிடையே அழுத்தப்பட்டு நீர் வற்றிச் சுவை ஏறி வரும். இறாலையோ வெள்ளை மீனையோ அரைத்துக் கலந்த முட்டை அடை, இனிப்புக் கேக்கு என்றே மயங்கும்படி இருக்கும். கடைசியில் உள்ளூர்க்காரர் கேட்பது பெரும்பாலும் கன்ப்யோ சுருள். நோரி என்ற கடற்பாசித்தாளில் சோற்றோடு சுருண்டிருக்கும் அந்தப் பழுப்பு நாடா, நாடாவாகச் சீவி உலர்த்திப் பின் சோயாவிலும் சர்க்கரையிலும் வேகவைத்த நமது சுரைக்காயேதான். கடல் விருந்தின் முடிவில் சுரைக்காய் வந்து நிற்பதில் ஏமாற்றம் அடையும் வெளிநாட்டார் உண்டு. சுரைக்காயின் அருமை அறிந்தவர் அடையமாட்டார்.

உண்ணும் முறை குறித்துப் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. நிகிரியைக் கையால் எடுத்து உண்பது பழைய வழக்கம், குச்சியும் குற்றமன்று. சோற்றுப் பக்கத்தைச் சோயாவில் தோய்த்தால் அது உதிர்ந்துவிடும் என்பதால் மீன் பக்கத்தையே தோய்ப்பர். மிரின் என்ற இனிப்பு மதுவும் சாக்கேயும் கலந்து காய்ச்சிய சோயாவைக் கடைக்காரரே தூரிகையால் பூசித் தந்தால் அதுவும் வேண்டாம். வைத்தவுடன் உண்பதும், மீன்மணத்தை மறைக்கும் வாசனைத் திரவியம் பூசாமல் வருவதும் போதும். கின்சாவின் நிலவறையில் 10 இருக்கைகளோடு இயங்கி, 2011இல் வெளியான ஆவணப்படத்தால் உலகப்புகழ் பெற்ற சுகியாபாஷி ஜிரோவில் ஏறத்தாழ 20 துண்டுகள் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதைப் பலர் குறைகூறியதுண்டு. தள்ளுவண்டியின் வேகத்தை அறிந்தவர்க்கு அது குறையாகத் தோன்றாது. உண்மையில் பிற்காலத்துச் சேர்க்கை என்று சொல்லத்தக்கது, விலையுயர்ந்த கடைகளில் நிலவும் கோயில் கருவறை ஒத்த அமைதிதான். பெண்களின் கை சூடானது, அதனால் மீன் கெடும் என்ற சாக்கு சொல்லி அவர்களை நெடுங்காலம் மேடைக்குப் பின்னே நிற்கவிடாததும் இத்தொழிலின் வழக்கம்; அதை மரபென்று மதிக்கத் தேவையில்லை.

கணக்கு ஒரு சிறு தாளில் மொத்தத் தொகையாக வரும், அதற்குமேல் அன்பளிப்புத் தருவது அங்கு வழக்கமன்று. இரவில் பெருந்தொகை கேட்கும் கடைகள் பலவும் நண்பகலில் அதே சோற்றையும் அதே கையையும் மிகக் குறைந்த விலைக்குத் தருவதால், 1866 முதல் அசாகுசாவில் நடந்துவரும் பென்தென்யாமா மியாகோசுஷி போன்ற பழங்கடைகளைக் காண விரும்பும் பயணி நண்பகலைத் தேர்வது நல்லது. தோயோசுச் சந்தை ஞாயிறுதோறும், புதன்கிழமைகள் பலவற்றிலும் விடுமுறை என்பதால் அந்நாள்களில் சுஷிக்குப் போகக் கூடாது என்று வழிகாட்டி நூல்கள் எச்சரிக்கும். மட்டிக்கும் கணவாய்க்கும் அது பொருந்தலாம். சனிக்கிழமை உப்பிட்ட கொஹாதாவோ திங்கட்கிழமையன்றுதான் பதத்துக்கு வரும்.