மும்பையில் நல்ல வேளை

மாலை நான்கு மணி ஆயிற்றென்றால் மும்பையின் லோயர் பரேல் பகுதியில், கண்ணாடிக் கதவு போட்ட உணவுச்சாலைகளின் வாயிலில் ஒரு பலகை வந்து நின்றுவிடுகிறது. 'ஹாப்பி ஹவர்' என்று அதில் எழுதியிருக்கும். ஏழு அல்லது எட்டு மணி வரையில் மதுவகைகள் பாதி விலைக்கோ, ஒன்று வாங்கினால் ஒன்று இனாமாகவோ கிடைக்கும் என்பது அதன் பொருள். அலுவலகங்கள் விட்டுக் கூட்டம் வருமுன் வெறிச்சென்று கிடக்கும் நாற்காலிகளை நிரப்புவதற்கு வியாபாரிகள் கண்ட உபாயம் இது. 1982ஆம் ஆண்டில் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பஞ்சாலைகளின் நிலத்தில்தான் இச்சாலைகளிற் பல இன்று நிற்கின்றன. 1949ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி இம்மாநிலத்தில் மது அருந்துவோர் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்பதும், அந்தச் சட்டம் இன்றும் ஏட்டில் இருக்கிறது என்பதும் வேறு கதை.

நம்முடன் வேலை செய்யும் நண்பர் ஒருவருக்குப் பதவி உயர்வு கிடைத்த மகிழ்ச்சியில், இரண்டு குடும்பமுமாக ஒரு நாள் அவ்வகைச் சாலையொன்றில் நுழைந்தோம். எங்களில் ஒருவருக்கும் மதுப்பழக்கம் இல்லை. பலகையிற் கண்ட சலுகை எல்லாப் பண்டத்துக்கும் உண்டென்று எண்ணி, எலுமிச்சை ரசமும் பொரித்த உருளைக்கிழங்கும் தாராளமாக வரவழைத்தோம். பில் வந்த பிறகுதான் சலுகை மதுவுக்கு மட்டுமே என்று விளங்கிற்று. போதாக்குறைக்குச் 'சேவைக் கட்டணம்' என்று பத்து சதவீதம் வேறு சேர்த்திருந்தார்கள். வாடிக்கையாளர் சம்மதமின்றி அக்கட்டணத்தைப் பில்லில் தாமாகச் சேர்க்கக்கூடாதென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் விதி வகுத்ததும், 2025இல் தில்லி உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்ததும் நமக்குப் பின்னரே தெரிய வந்தன. அன்பர்கள் அறிந்து வைத்துக்கொள்வது நலம். நாம் மறு பேச்சின்றிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

நிற்க. பலகை போட்டாலும் போடாவிட்டாலும் ஒவ்வொரு உணவு விடுதிக்கும் ஒரு நல்ல வேளை இருக்கத்தான் இருக்கிறது. புதிதாக வந்த குடும்பத்தார் பலர் 'எங்கே சாப்பிடலாம்?' என்று கேட்கிறார்களேயன்றி 'எப்போது சாப்பிடலாம்?' என்று கேட்பதில்லை. காலையில் புசுபுசுவென்றிருக்கும் இட்டிலியே, மாவு புளித்துப்போன பிற்பகலில் வேறு பண்டம் ஆகிவிடுகிறது. தாராவியில் விடியற்காலையில் அவித்த இட்டிலியை நம்மவர்கள் பாத்திரத்தில் ஏந்தி, ரப்பர் ஊதலை அமுக்கி ஒலியெழுப்பிக்கொண்டு நகரெங்கும் விற்று வருகிறார்கள். அதை ஒன்பது மணிக்குள் உண்டுவிட வேண்டும். தோபி தலாவில் 1904ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் கயானி முதலிய ஈரானி விடுதிகளில், வெண்ணெய் தடவிய பன்னும் தேநீரும் காலை வேளைக்கே உரியவை. மாதுங்காவில் 1940இல் தோன்றிய கஃபே மதராஸுக்கு ஞாயிறு காலையில் போனால், சாலையோரத்தில் நெடுநேரம் நின்று நம் பேரைக் கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டும். வாரநாளில் சாவகாசமாகச் சென்றால் ரசவடையைச் சுடச்சுட உண்ணலாம். கூட்டத்தில் நின்றால்தான் ருசி என்று வாதிப்போரும் உண்டு. அவர்களுக்கு நம் வணக்கம்.

இவ்வளவும் நமக்கு நாக்கு ருசிக்காகத் தெரிய வந்ததன்று. சென்ற ஆண்டு நம் தந்தையார் திருநெல்வேலியிலிருந்து வந்து, பரேலில் உள்ள புற்றுநோய் மருத்துவமனையில் மருந்து ஏற்றிக்கொள்ளத் தொடங்கினார். ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருக்குமாதலால், அப்போதைக்கப்போது சமைத்த சூடான உணவையே தர வேண்டும், கூட்ட நெரிசலில் உட்காரவைக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாம் குடியிருப்பதோ டோம்பிவிலி. மருத்துவமனை நாட்களில் இருள் பிரியுமுன் வண்டி ஏறியாக வேண்டும். இல்லாள் கட்டித்தந்த சோறு பதினோரு மணிக்குள் ஆறிப்போகும். டப்பாவைத் திறந்ததும் வரும் வாடை தந்தையாருக்கு ஆகாது. மருத்துவமனையின் அருகே ஒரு விடுதியில் ஒரு மணிக்கு உட்கார்ந்தோம். தோளோடு தோள் இடிக்கும் நெருக்கம், பாதி சூடு ஆறிய குழம்பு. இரண்டு கவளம் உண்டு கை கழுவிவிட்டார். எதைத் தின்றாலும் இரும்பை நக்கியது போலிருக்கிறது என்றார். வாரத்துக்கு வாரம் எடை குறைந்துகொண்டே வந்தது.

ரத்தப் பரிசோதனை காலையில் முடிந்துவிடும். மருத்துவர் பார்ப்பது பிற்பகலில். இடையிலே மூன்று மணி நேரம் உண்டு. அப்போதுதான் மாதுங்கா நினைவுக்கு வந்தது. பரேலிலிருந்து தாதர், அடுத்தது மாதுங்கா. இரண்டே நிலையங்கள். காலையில் ஜனத்திரள் முழுவதும் தெற்கே சத்ரபதி சிவாஜி மஹாராஜ் டெர்மினஸ் நோக்கிப் போகும். நாம் வடக்கே போவதால் மெதுவண்டியில் உட்காரவே இடம் கிடைத்தது. 2017ஆம் ஆண்டு முதல் முழுவதும் பெண்களே பணிபுரியும் நிலையம் மாதுங்கா. ரயில்வேக்காரர் என்ற முறையில் அதைத் தந்தையாருக்கு எடுத்துச் சொன்னோம். "டிக்கெட்டு கொடுக்கிறதும் பொம்பளப் பிள்ளைகள்தானா?" என்று அவர் சற்று நேரம் நின்று பார்த்தார்.

நிலையத்துக்கு அருகே, சந்தைக் கட்டிடத்தின் மாடியில் ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் இருக்கிறது. 1942இல் ஆரம்பித்தது. வாழையிலைச் சாப்பாடு. மதியம் ஒரு வேளை, இரவு ஒரு வேளை, இடையில் மூடிவிடுவார்கள். மதியச் சாப்பாடு முற்பகலிலேயே தொடங்கிவிடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. பன்னிரண்டரைக்குப் பின் படியிறங்கி நிற்கும் வரிசையைக் கண்டு திரும்பிப் போவோர் உண்டு. நாங்கள் திறந்த சிறிது நேரத்துக்கெல்லாம் போய்ச் சேர்ந்தோம். படி ஏறத் தந்தையாருக்கு மூச்சு வாங்கிற்று. நடுவில் ஒரு முறை நின்றார். உள்ளே பாதி மேசைகள் காலி. சன்னலோரத்தில், பக்கத்தில் ஆளில்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தோம். தயிரும் பச்சைக் காய்களும் வேண்டாமென்று பரிமாறுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். அவர் ஏன் என்று கேட்கவில்லை. தந்தையாரின் தலையை ஒரு முறை பார்த்துவிட்டு, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய சோற்றைக் கொண்டுவந்து இலையில் இட்டார். ஆவி எழுந்தது.

தந்தையார் சாம்பாரைப் பிசைந்து முதற் கவளத்தை வாயில் போட்டார். மென்றார். பிறகு முகத்தைச் சுளித்து, "என்னலே, சாம்பாரிலே வெல்லத்தைப் போட்டிருக்கான்!" என்றார்.

உடுப்பிச் சமையலில் அது வழக்கம். நம் நாக்குக்கு அது என்றும் ஒரு குறைதான். ஆனால் வெல்லம் தெரிகிறது என்றல்லவா சொன்னார்! ஆறு வாரமாக இரும்பைத் தவிர எதையும் அறியாத நாக்கு. நமக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை. அவரோ நம்மைக் கவனியாமல், இனிப்புச் சாம்பாரைத் திட்டிக்கொண்டே இரண்டாம் முறை சோறு கேட்டார். ரசத்தைத் தொன்னையில் வாங்கிக் குடித்தார். ஒரு பூரியையும் கிள்ளிப் பார்த்தார். படி இறங்கும்போது நம் தோளைப் பற்றிக்கொள்ளவில்லை.

அதற்குப் பின் ஒவ்வொரு மருத்துவமனை நாளிலும் அந்த வண்டி, அந்தப் படி, அந்தச் சன்னலோர மேசை. பரிமாறுபவர் எங்களைக் கண்டதும் கேளாமலே சோற்றுக்குப் போய்விடுவார். சந்தைக்கு வெளியே மல்லிகைச் சரமும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு திரும்புவோம். தந்தையாரின் எடை மூன்று கிலோ ஏறிற்று.

சென்ற வாரம் அடுத்த பரிசோதனைக்குச் சீட்டுக் கொடுத்தார்கள். தந்தையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதியைப் பார்த்தார். திங்கட்கிழமை. அன்று போர்டிங்குக்கு விடுமுறை. சீட்டை நம்மிடம் நீட்டி, செவ்வாய்க்கு மாற்றித் தருவார்களா என்று கேட்டு வரச் சொன்னார்.