கேப் உட்காரவில்லையா? சுத்தியலைத் தேடாதீர்கள்!

பயிர்ப் பாதுகாப்புக்கு என்று உரிமம் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து இருக்கிறது. குழல் வாய் வழியாக மருந்து போட்டுக் கெட்டிக்கிற ஒற்றைக்குழல் துப்பாக்கி. அப்பா போன பிறகு உரிமத்தை என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். கலவையைச் சுற்றி இப்படி உரிமம் வைத்திருப்பவர்கள் எனக்குத் தெரிந்து சிலர்தான். ஆனால் எங்கே பார்த்தாலும் அவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "கேப்பு சரியா ஒக்கார மாட்டேங்குது, இன்னா பண்றது?"

மல்லாட்டை காய் பிடிக்கிற நேரத்தில் ராத்திரி பன்றி இறங்கினால், ஒரே இரவில் கால் காணி போய்விடும். அந்த நேரத்தில் குதிரையைத் தட்டினால் 'டக்' என்று சத்தம் மட்டும் வரும், வெடிக்காது. ஆத்திரத்தில் ஆள் என்ன செய்வான் என்று சொல்ல முடியாது. விபத்துகள் நடப்பது அப்படிப்பட்ட நேரத்தில்தான். அதனால், இத்தனை வருஷத்தில் நான் கையால் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கேப் என்ன செய்கிறது?

செம்புத் தகட்டில் செய்த சின்னக் குல்லாய்தான் கேப். அதன் உள்ளே, அடித்தால் தீப்பிடிக்கிற மருந்து கடுகளவு இருக்கும். குழலின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நிப்பிளின் மேல் இதை மாட்டுகிறோம். குதிரை வந்து அடித்ததும் தீப்பொறி நிப்பிளின் ஓட்டை வழியாக உள்ளே போய், கெட்டித்த கரிமருந்தைப் பற்றவைக்கிறது. இந்த யோசனைக்கு வழி காட்டியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஃபோர்சித் என்ற பாதிரியார். சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில் முதலில் வரும் வெளிச்சத்தைப் பார்த்துப் பறவைகள் பறந்துவிடுகின்றன என்பதற்காக, அடித்தால் வெடிக்கும் மருந்தைப் பயன்படுத்தும் முறைக்கு 1807-ல் காப்புரிமை வாங்கினார். செம்புக் கேப் அதற்குப் பிறகு வந்தது. இன்றைய தோட்டாவின் பின்புறம் நடுவில் தெரிகிற வட்டமான பொட்டும் இதே வேலையைத்தான் செய்கிறது.

முதல் அடியில் வெடிக்காமல் இரண்டாவது அடியில் வெடிக்கிறதா?

அப்படியானால் கேப் அடிவரை இறங்கி உட்காரவில்லை என்று அர்த்தம். குதிரையின் முதல் அடி கேப்பைக் கீழே தள்ளுவதிலேயே செலவாகிவிடுகிறது. இரண்டாவது அடிதான் மருந்தின் மேல் விழுகிறது. காரணம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, கரி. கரிமருந்து எரிந்த பிறகு நிப்பிளைச் சுற்றிக் கரியும் உப்பும் படியும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் கெட்டிப்படும். அதன் மேல் கேப் முக்கால்வாசிதான் இறங்கும்.

இரண்டு, நிப்பிளின் தலை. கேப் இல்லாமலே குதிரையைத் தட்டித் தட்டி விளையாடினால் நிப்பிளின் நுனி காளான் குடை மாதிரி விரிந்துவிடும். பார்வைக்குத் தெரியாது, நகத்தால் தடவினால் விளிம்பு தட்டும். இதை அரத்தால் ராவக்கூடாது. உரிமம் உள்ள துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து நிப்பிளையே மாற்ற வேண்டும்.

மூன்று, அளவு. கேப்பில் நம்பர் உண்டு. ஒரு நம்பர் சின்னதாக இருந்தால் இறங்காது, பெரிதாக இருந்தால் கழன்று விழும். நெளித்து இறுக்கி மாட்டுவது சரியான வழி அல்ல. பழைய டப்பாவை எடுத்துப்போய்க் காட்டி அதே நம்பரைக் கேட்டு வாங்குங்கள்.

நான்காவது காரணம் எங்கள் ஊர்ப் பக்கத்துக்கே உரியது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழில் சூழ்ந்த இடம் இது. வீட்டுக்கு ஒருவர் ஷூ கம்பெனிக்கோ தோல் ஷாப்புக்கோ போய் வந்தவராக இருப்பார். அதனால் கேப் வைக்கவும் தோட்டா வைக்கவும் நல்ல தோல் பை எங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும். அப்பாவுக்கும் ஒரு தோல் பை இருந்தது, ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல். அந்தப் பையில் ஒரு மழைக்காலம் இருந்த கேப் எல்லாம் பச்சை பூத்துப் போயிருந்தன. பட்டையில் பதனிட்ட தோலில் புளிப்புச் சத்து இருக்கிறது, ஈரத்தையும் அது பிடித்து வைக்கும். செம்பும் பித்தளையும் அதோடு சேர்ந்தால் களிம்பு ஏறும். புளி பட்ட செம்புப் பாத்திரத்தைக் கழுவாமல் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான். களிம்பு ஏறிய கேப் நிப்பிளில் இறங்காது, களிம்பு ஏறிய தோட்டா குழலுக்குள் போகாது. தோல் பை காட்டுக்கு எடுத்துப்போக மட்டும் இருக்கட்டும். வீட்டில் வைக்க, இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பாதான் நல்லது. களிம்பைச் சுரண்டி எடுத்துப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். சுரண்டுவதே அடிதான்.

கேப் மட்டும் வெடித்து, துப்பாக்கி வெடிக்கவில்லையா?

அப்படியென்றால் கேப் சரியாக உட்கார்ந்திருக்கிறது, பழுது அதற்குக் கீழே. நிப்பிளின் ஓட்டை கரியால் அடைத்திருக்கும், அல்லது எண்ணெய் இறங்கியிருக்கும், அல்லது மருந்து ஈரம் பட்டிருக்கும். நிறையப் பேர் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெயைத் தாராளமாக ஊற்றிச் சாத்தி வைக்கிறார்கள். அது மெதுவாக இறங்கி ஓட்டையில் நிற்கும். காலியான துப்பாக்கியை வெந்நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, துணியில் தொட்ட எண்ணெயால் ஒரு துடை துடைத்தால் போதும்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறோம். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் மார்ச் 16-ல் அறிவிப்பு வந்தது, ஜூன் 4-ல் வாக்கு எண்ணினார்கள். கிட்டத்தட்ட மூன்று மாதம். திரும்பி வந்த துப்பாக்கியை அப்படியே காட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். குழல் காலியா என்று முதலில் பார்த்து, பிறகு சுத்தம் செய்து, நிப்பிள் ஓட்டையைப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

எந்தக் காரணமாக இருந்தாலும் ஒரு விதி மட்டும் மாறக்கூடாது. குதிரை அடித்து வெடிக்கவில்லை என்றால், குழலை ஆளும் மாடும் இல்லாத திசையிலேயே காட்டியபடி 2 நிமிஷம் நில்லுங்கள். மருந்து உள்ளே புகைந்துகொண்டிருந்து தாமதமாக வெடிப்பது உண்டு. குழலுக்குள் எட்டிப் பார்ப்பது, கேப்பைக் கல்லாலோ சுத்தியலாலோ தட்டி இறக்குவது இரண்டும் உயிரோடு விளையாடுவது.

வீட்டிலேயே செய்தால் என்ன?

என் அக்கா மகன் ஒரு நாள் செல்போனில் வீடியோ காட்டினான். அமெரிக்காவில் ஒருவர் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, சுட்டு முடிந்த தோட்டாவுக்குப் புதுப் பொட்டு அழுத்தி, மருந்து நிரப்பிக்கொண்டிருந்தார். "மாமா, தோட்டா விக்கிற வெலைக்கு நாமளே ரொப்பிக்கலாமே?" என்றான். பையன் கெட்டவன் இல்லை, செலவைக் கணக்குப் பார்க்கிறவன். அதனால் திட்டாமல் விளக்கிச் சொன்னேன்.

"டேய், அந்த ஊரு சட்டம் வேற. அவங்களுக்கு அளந்து செஞ்ச பொட்டு கடையில கெடைக்குது, அதை அழுத்தறதுக்குன்னே மிஷின் இருக்குது. அதுலயும் பொட்டு ஒரு முடி அளவு வெளியில நின்னா, தோட்டாவைப் போட்டு மூடறப்பவே வெடிச்சிடலாம். ரொம்ப அழுத்தினா அழுத்தற கையிலயே வெடிக்கும். இங்க நீ எதை வெச்சி ரொப்புவ? பட்டாசு மருந்தா?"

அவன் பதில் சொல்லவில்லை. அடுத்த ஊரில் ஒருவரை அவனுக்கும் தெரியும். தீக்குச்சி மருந்தையும் பட்டாசு மருந்தையும் வைத்து எதையோ அடைக்கப் போய், வலது கையில் இரண்டு விரல் போனவர். இன்றைக்கு மாட்டுக்குக் கயிறு முடிச்சுப் போட அவர் மனைவியைக் கூப்பிடுகிறார். மல்லாட்டை ஆய உட்கார்ந்தால் மற்றவர்கள் இரண்டு கூடை ஆய்வதற்குள் அவர் ஒன்று ஆய்கிறார். அவர் மிச்சம் பிடிக்க நினைத்தது ஒரு டப்பா கேப்பின் விலை.

சட்டமும் கடுமையானது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் வேறு, தோட்டா தயாரிக்கும் உரிமம் வேறு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் தயாரித்தால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. மருந்தையும் கேப்பையும் உரிமம் உள்ள கடையில், உங்கள் உரிமத்தில் குறித்த அளவுக்குள் வாங்குங்கள். அதே திருத்தத்தில் உரிமக் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீண்டிருக்கிறது. முடிகிற தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

பன்றியைச் சுடலாமா?

துப்பாக்கி உரிமம் இருப்பதால் பன்றியைச் சுட அனுமதி வந்துவிடாது. அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள். 3 கிலோமீட்டரைத் தாண்டி வரும் பன்றிகளை வனத்துறை ஆட்கள்தான் சுடுவார்கள். அதற்கு நாம் மனு கொடுக்க வேண்டும். நான் குண்டு போடாமல், மருந்தை மட்டும் கெட்டித்துச் சத்தத்துக்காகச் சுடுகிறேன். அதுகூட தினமும் இல்லை. பன்றி அந்தச் சத்தத்துக்கும் பழகிவிடும்.

பழத்திலோ தீனியிலோ வெடி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், வெடி வைத்த பழத்தைக் கடித்த கருவுற்ற யானை வாய் சிதறி, ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்தது. நம் ஊரில் அதைக் கடிப்பது மேயப் போன நம் மாடாகவும் இருக்கலாம், பந்து என்று நினைத்து எடுக்கிற குழந்தையாகவும் இருக்கலாம்.

அக்கா மகன் இப்போது காவலுக்கு என்னோடு வருகிறான். துப்பாக்கியை அவன் கையில் கொடுப்பதில்லை, உரிமம் என் பெயரில்தான் இருக்கிறது. டார்ச்சும் தகரமும் அவன் பொறுப்பு. பச்சை பூத்த பழைய கேப், தோட்டா உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், குப்பையில் எறியாதீர்கள், அடுப்பில் போடாதீர்கள். டப்பாவை அசைக்காமல் வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்கோ, வாங்கிய கடைக்கோ முதலில் தகவல் சொல்லுங்கள். எப்படிக் கொண்டு வர வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.